ஒரு துண்டை வெறுமனே விடுங்கள்: பசளை, பங்கசுநாசினிப் பரிசோதனை பற்றிய வாசகர் கேள்விகள்

காலபோகத்துக்கு (மாரி மழையோடு செய்யும் பெரும்போகம்) நிலம் பண்படுத்தத் தொடங்கும் நேரத்தில் வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்தப் பசளை நல்லது, எந்த மருந்து நல்லது" என்றே கேட்கின்றன. இம்முறை, சொந்த வயலிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (அக்கராயன்): பக்கத்து வயற்காரர் போன காலபோகத்தில் இலைக்கு அடிக்கும் திரவப் பசளை ஒன்றை ஏக்கருக்கு 1 லீற்றர் அடித்தார். தனக்கு ஏக்கருக்கு 5 மூட்டை கூடுதலாக வந்தது என்கிறார். எனக்கு 3 ஏக்கர் இருக்கிறது, ஏ.ரி 362 விதைக்கிறேன். நானும் வாங்கி அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். ஆனால் 3 ஏக்கருக்கும் அடித்தால் அது வேலை செய்ததா என்று ஒருநாளும் தெரியவராது.

அந்த 5 மூட்டையைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். மூட்டை 65 கிலோ என்று வைத்தால் 325 கிலோ நெல். ஒரு தொன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசனை மண்ணிலிருந்து எடுக்க வேண்டும். 325 கிலோவுக்கு ஏறத்தாழ 5 முதல் 6½ கிலோ. போத்தலில் நைதரசன் 10% என்று எழுதியிருந்தாலும் 1 லீற்றரில் இருப்பது 100 கிராமைச் சற்று எட்டும் அவ்வளவுதான். ஆகவே நைதரசன் கொடுத்ததால் அந்த விளைச்சல் வந்திருக்க முடியாது. நாகம் (துத்தநாகம்), போரன் போன்ற நுண்சத்து ஏதேனும் அவரது மண்ணில் குறைவாக இருந்து, போத்தலிலும் அது இருந்திருந்தால் பலன் உண்டு. அல்லது வேறு காரணம்: விதைத்த நாள், விதைநெல், தண்ணீர் கிடைத்த முறை, கோடையில் அந்த வயலில் மாட்டுப் பட்டி அடைத்தது. பட்டி அடைத்த வயலையும் அடைக்காத வயலையும் ஒப்பிட்டு மருந்துக்குப் பெயர் கொடுப்பது வன்னியில் அடிக்கடி நடக்கும் பிழை.

உங்கள் வயலுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். 6 மீற்றர் அகலம், 20 மீற்றர் நீளமான துண்டுகளை இரண்டிரண்டாக, ஒட்டினாற்போல் குறியுங்கள். அப்படி 5 இணை வேண்டும். ஒரு இணை வாய்க்கால் வாயிலும் ஒன்று பள்ளக் கடைசியிலும் மற்றவை இடையிலும் வரட்டும். ஒவ்வொரு இணையிலும் எதற்குத் திரவம், எதற்கு வெறும் தண்ணீர் என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். கண்ணால் பார்த்துத் தெரிந்தெடுத்தால் கை தானாகவே நல்ல துண்டுக்குத்தான் மருந்தைக் கொடுக்கும். வெறும் தண்ணீரை ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மருந்தடிப்பவர் நடந்து பயிரை மிதிப்பதும், இலை நனைவதும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய வரம்பு இருந்த இடம், புற்று வெட்டிய இடம், சூடு மிதித்த களம், வைக்கோல் குவித்து எரித்த இடம் இவற்றைத் தவிருங்கள். அங்கே பயிர் சொந்தக் காரணத்துக்காகவே கறுத்து நிற்கும்.

அறுவடையில் மூட்டைக் கணக்கு உதவாது. ஒருவர் மூட்டை 60 கிலோ, இன்னொருவர் மூட்டை 70 கிலோ. பி.வி.சி. குழாயில் 1 மீற்றருக்கு 1 மீற்றர் சட்டம் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு துண்டின் நடுக்கோட்டிலும் 5, 10, 15 மீற்றர் தூரத்தில், அங்கே பயிர் எப்படி இருந்தாலும், சட்டத்தை வைத்து உள்ளே நிற்பதை அறுத்து, அடித்து, தூற்றி, நிறுங்கள். விளிம்பிலிருந்து 1 மீற்றருக்குள் எடுக்க வேண்டாம். வெட்டு மிசின் வருவதற்கு முதல்நாள் இந்த 30 மாதிரியும் பொலித்தீன் பையில், துண்டின் இலக்கத்தோடு இருக்க வேண்டும். மிசின் இறங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஈரப்பதம் வேறுபட்டால் நிறையும் பொய் சொல்லும். ஆலையில் ஈரமானி இருந்தால் அளந்து 14 சதவீதத்துக்கு மாற்றுங்கள்: நிறை × (100 − ஈரப்பதம்) ÷ 86. எடுத்துக்காட்டாக, 20% ஈரத்தில் 620 கிராம் என்றால் 620 × 80 ÷ 86 = 577 கிராம். ஏக்கர் 4,047 சதுர மீற்றர் என்பதால் அது ஏக்கருக்கு 2,335 கிலோ. ஈரமானி கிடைக்காவிட்டால் எல்லா மாதிரிகளையும் ஒரே படங்கில் அருகருகே 3 நாள் காயவைத்து, ஒரே நேரத்தில் நிறுத்தாலும் ஒப்பீட்டுக்குப் போதும்.

கேள்வி (துணுக்காய்): யூரியா எவ்வளவு போட்டால் போதும் என்று சிறு துண்டுகளில் பார்க்க விரும்புகிறேன். ஏக்கர்க் கணக்கைச் சிறு துண்டுக்கு எப்படி மாற்றுவது? தண்ணீரில் யூரியா அடுத்த துண்டுக்குப் போகாதா?

பதில்: கணக்கு சுலபம். ஏக்கருக்கு எத்தனை கிலோவோ அதை 4 ஆல் வகுத்தால் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று கிட்டத்தட்ட வரும். ஏக்கருக்கு 90 கிலோ யூரியா என்றால் சதுர மீற்றருக்கு 22 கிராமுக்குச் சற்று மேல். 5 × 4 மீற்றர் துண்டு 20 சதுர மீற்றர். அதற்குப் போகம் முழுவதற்கும் 445 கிராம். 3½ மாத நெல்லுக்கு 2, 4, 6, 7ஆம் கிழமைகளில் பிரித்துப் போடுகிறவரானால் 100, 150, 130, 65 கிராம் என்று முன்கூட்டியே நிறுத்துச் சிறு பைகளில் கட்டி, பையில் துண்டின் இலக்கத்தை எழுதிவிடுங்கள். வயலில் நின்று நிறுத்தால் பிழைக்கும். இவ்வளவு சிறிய அளவு கையால் சமமாக விழாது. இரண்டு மடங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை ஒரு திசையிலும் பாதியைக் குறுக்கேயும் வீசுங்கள்.

மட்டங்கள் 4 போதும்: ஒன்றும் போடாதது, 45, 90, 135 கிலோ. நீங்கள் வழக்கமாகப் போடும் அளவு 90 இல்லையென்றால் அதை நடுவில் வைத்துப் பாதி, ஒன்றரை மடங்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். 135 ஐ ஏன் சேர்க்கிறோம் என்றால், கூடிப்போனால் என்ன ஆகும் என்று உங்கள் மண்ணே காட்ட வேண்டும். பயிர் கடும் பச்சையாகி, கதிர் முற்றும்போது சாயும். எரிபந்தம், மடல் கருகல் ஆகிய பங்கசு நோய்களும் கபிலத் தத்திப் பூச்சியும் அந்தத் துண்டில்தான் முதலில் தலைகாட்டும். ஒவ்வொரு மட்டத்துக்கும் 4 துண்டு, மொத்தம் 16. வயலை மேட்டிலிருந்து பள்ளம் வரை 4 பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதியிலும் 4 மட்டமும் ஒருமுறை வரும்படி சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

ரி.எஸ்.பி.யும் (பொசுபரசுப் பசளை) எம்.ஓ.பி.யும் (பொட்டாசியப் பசளை) 16 துண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நாள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. கலவைப் பசளையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறவர்கள் மூன்று சத்தையும் சேர்த்தே மாற்றிவிட்டு, யூரியாவைச் சோதித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் விடயம்தான் உண்மையான சிக்கல். துண்டிலிருந்து துண்டுக்கு வரம்பு வெட்டிப் பாய்ச்சும் வயலில் யூரியாப் பரிசோதனை செய்ய முடியாது. மேல்துண்டின் யூரியாவைக் கீழ்த்துண்டு சாப்பிடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வாய், தனி வடிகால் வேண்டும். வரம்பு 30 சென்ரிமீற்றர் உயரம், 45 சென்ரிமீற்றர் அகலம், சேறு பூசி மெழுகியது. நண்டு வளை ஒன்று இருந்தாலும் போச்சு, கிழமைக்கொருமுறை வரம்பைச் சுற்றி வாருங்கள். யூரியா போடும் நாளில் தண்ணீரை மெல்லிய படையாகக் குறைத்து, போட்ட பிறகு 3 முதல் 5 நாள் வடிகாலைத் திறக்காதீர்கள். வெயிலில் காய்ந்த மண்ணின் மேல் போட்டுவிட்டு விட்டால் அமோனியாவாகப் பறக்கும். கார்த்திகை மழை கறுத்து நிற்கும் நாளில் போட்டால் வரம்பு மேவி ஓடும். இரண்டு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, ஆனால் 16 துண்டும் சேர்ந்தே பிந்த வேண்டும்.

யூரியா போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இலை நிற அட்டையை (வெளிர் பச்சையிலிருந்து கடும் பச்சை வரை பட்டைகள் உள்ளது) வைத்துப் பாருங்கள். காலையில், உங்கள் உடம்பின் நிழலில், ஒரு துண்டுக்கு 10 செடியில் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதி. வீச்சு விதைப்பு நெல்லுக்கு 3ஆம் பட்டைக்குக் கீழே இறங்கினால் பசி. 90 கிலோத் துண்டும் 135 கிலோத் துண்டும் ஒரே நிறம் காட்டினால், கூடுதலாகப் போட்டது எங்கே போனது என்று வரம்பைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (முருங்கன்): எங்கள் கறுப்புக் களி மண்ணில் விதைத்து 3 கிழமையில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாகிறது, அடி இலையில் துரு நிறப் புள்ளி. சிலர் பங்கசு என்கிறார்கள், சிலர் பொட்டாஷ் இல்லை என்கிறார்கள். என்ன பரிசோதனை செய்யலாம்?

பதில்: முருங்கன் பக்கக் களியில் காரத்தன்மை கூட, சுண்ணாம்பும் உண்டு. அந்தப் பருவத்தில், அதுவும் தண்ணீர் தேங்கும் திட்டுகளில், முதலில் சந்தேகிக்க வேண்டியது நாகக் குறைபாட்டை. இளம் இலையின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சத்துப் பரிசோதனையில் எங்களுக்குப் பிடித்த முறை, ஒவ்வொன்றாகக் கொடுப்பதல்ல, ஒவ்வொன்றாக விடுவது. எல்லாம் போட்ட துண்டு ஒன்று. நைதரசன் மட்டும் விட்டது, பொசுபரசு மட்டும் விட்டது, பொட்டாசியம் மட்டும் விட்டது, நாகம் மட்டும் விட்டது. 5 துண்டு, 3 தடவை, மொத்தம் 15. எதை விட்டபோது விளைச்சல் விழுகிறதோ அதுதான் உங்கள் மண்ணில் குறைவு. நாகச் சல்பேற்றை ரி.எஸ்.பி.யோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும்.

இந்தப் போகத்துப் பயிரை இப்போதே காப்பாற்ற வேண்டுமென்றால் 16 லீற்றர் தாங்கிக்கு 80 கிராம் நாகச் சல்பேற்றும் 40 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கரைத்து வடித்து, இலைக்கு அடியுங்கள். சுண்ணாம்பு இல்லாமல் அடித்தால் இலை கருகும். அப்போதும் 5 மீற்றர் அகலத்தில் ஒரு பட்டியை அடிக்காமல் விடுங்கள். 10 நாளில் அந்தப் பட்டி தனியாகத் தெரிந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தெரியாவிட்டால் நாகமல்ல, தண்ணீரை வடித்து வேரைக் கிண்டிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பொசுபரசு விட்ட துண்டு முதற்போகத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். பல வருடம் போட்டது மண்ணில் சேர்ந்திருக்கும். அதை வைத்து ரி.எஸ்.பி.யை அடியோடு நிறுத்தாதீர்கள், அதே துண்டில் 3 காலபோகம் தொடர்ந்து விட்டுப் பாருங்கள். பொட்டாசியத்தில் வைக்கோல்தான் குழப்பும். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில் இருக்கிறது. மிசின் வரிசையாகக் கொட்டிய வைக்கோலை அந்த இடத்திலேயே எரித்தவர்கள், அடுத்த போகத்தில் வயலில் கோடு கோடாகப் பச்சை ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். பரிசோதனைத் துண்டில் வைக்கோலைச் சமமாகப் பரப்புங்கள், அல்லது முழுவதையும் வெளியே எடுங்கள்.

கேள்வி (விசுவமடு): கதிர் வந்த பிறகு வெள்ளையாகிப் பதராகிறது. இரண்டு தரம் பங்கசுநாசினி அடித்தும் நிற்கவில்லை. மருந்து சரியில்லையா? எந்த மருந்து வேலை செய்யும் என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் அது பங்கசுதானா என்று பாருங்கள். வெள்ளைக் கதிரைப் பிடித்து மெல்ல இழுங்கள். இலேசாகக் கழன்று வந்து, அடி நுனி கடிபட்டிருந்தால் தண்டு துளைப்பான். பங்கசுநாசினிக்கு அங்கே வேலையில்லை. கழன்று வராமல், கதிரின் கழுத்துக் கணு கறுத்துச் சுருங்கி, அந்த இடத்தில் ஒடிந்தால் கழுத்து எரிபந்தம். இலை நுனியிலிருந்து இரு ஓரமும் அலையலையாகக் காய்ந்திருந்தால் பக்ரீரியா வெளிறல் என்று சந்தேகிக்கலாம்: காயும் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால்போல் கசிந்தால் பக்ரீரியா. அதற்கும் பங்கசுநாசினி பயன்படாது. மிளகாய் இலை சுருளுவதற்குப் பங்கசுநாசினி அடித்துவிட்டு எழுதும் வாசகர்களுக்கும் இதே பதில்தான்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி, அதோடு வைரசும் இருக்கலாம்.

எரிபந்தம் என்று உறுதியானால், மருந்தைவிட நேரத்தைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வோம். கழுத்தில் பங்கசு புகுவது கதிர் வெளிவரும் நாட்களில். தை மாதத்துக் குளிர்ந்த இரவு, காலை வெகுநேரம் காயாத பனி, மேகமூட்டம் மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கதிர் வெள்ளையானதைக் கண்ட பிறகு அடிப்பவர் ஏற்கெனவே அறுபட்ட கழுத்துக்கு மருந்தடிக்கிறார்.

ஆகவே ஒரே மருந்தை வைத்து 4 விதம்: (1) வெறும் தண்ணீர், (2) பண்டிப் பருவம் (கதிர் இலை மடலுக்குள் இருக்கும் காலம்) முடிந்து ஆங்காங்கே கதிர் தலைகாட்டும்போது ஒருமுறை, (3) அப்போதும், அதன்பின் 10 நாளில் இன்னொருமுறையும், (4) நோயைக் கண்ட பிறகு மட்டும். துண்டு 6 × 5 மீற்றர், ஒவ்வொன்றும் 4 தடவை. 4ஆவது விதம்தான் பலர் இப்போது செய்வது. அதையும் சேர்த்தால்தான் மற்றவற்றின் பெறுமதி தெரியும். அடுத்த போகத்தில் வெவ்வேறு மருந்துகளை ஒப்பிடலாம். அப்போது இரண்டு வியாபாரப் பெயரில் ஒரே மருந்தை வாங்கிவிடாதீர்கள். லேபிளில் செயற்படு பொருளைப் பாருங்கள்: ட்ரைசைக்கிளசோல், ஐசோப்ரோதியோலேன், ரெபுகொனசோல், கார்பென்டசிம் நான்கும் பங்கசை நான்கு வழியில் தாக்குபவை. கார்பென்டசிம் போன்றவற்றை வருடக்கணக்கில் தொடர்ந்து அடித்தால் பங்கசு பழகிவிடும். ஸ்ட்ரொபிலுரின் வகைக்கும் அந்தக் குணம் உண்டு. உங்கள் வயலில் அப்படித்தான் நடந்ததா என்பதை, வேறு வழியில் தாக்கும் மருந்து பக்கத்துத் துண்டில் வேலை செய்கிறதா என்று பார்த்து ஊகிக்கலாம்.

பதிவிலக்கமும் மும்மொழி லேபிளும் இல்லாத போத்தலை பரிசோதனைக்கும் எடுக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததைச் சோதித்து என்ன பயன்?

இனி அளவு. "தாங்கிக்கு ஒரு மூடி" என்ற கணக்கில் ஆளுக்காள் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். 10 × 10 மீற்றர் இடத்தைக் குறித்து, வெறும் தண்ணீர் நிரப்பி, வழக்கமான நடையில் அடியுங்கள். 4 லீற்றர் போனால் ஏக்கருக்கு 160 லீற்றர்; 16 லீற்றர் தாங்கியில் 10 தாங்கி. லேபிளில் ஏக்கருக்கு 120 கிராம் என்றிருந்தால் தாங்கிக்கு 12 கிராம், லீற்றருக்கு 0.75 கிராம். ஒரு விதத்தின் 4 துண்டும் சேர்ந்து 120 சதுர மீற்றர், 4.8 லீற்றர் போதும். 5 லீற்றரில் 3.75 கிராமைக் கரைத்து நான்கையும் ஒரே கலவையால் அடியுங்கள். நகைக் கடையில் இருப்பது போன்ற சிறு தராசு ஒன்று வேண்டும். 6 தாங்கியில் ஏக்கரை முடித்துவிட்டு, தாங்கிக்கு அதே 12 கிராம் போட்டவர் உண்மையில் அடித்தது 72 கிராம். மருந்து சரியில்லை என்ற முறைப்பாடுகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வெறும் தண்ணீர்த் துண்டை முதலில் அடித்துவிட்டு மருந்துக்குப் போங்கள். காற்று எழும்ப முன், பனி காய்ந்ததும் அடியுங்கள். பனி சொட்டும் இலையில் மருந்து வழிந்துவிடும். பக்கத்துத் துண்டுக்குப் பறக்காமல் இரண்டு பேர் படங்கு பிடித்தால் நல்லது. கையுறை, முகமூடி, நீளக் கை உடுப்பு இருக்க வேண்டும், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் லேபிளில் பாருங்கள்.

கதிர் மாப் பிடித்து முற்றும் பருவத்தில், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் தொடர்ச்சியாக 100 கதிரை எண்ணி, கழுத்துக் கறுத்தவை எத்தனை என்று எழுதுங்கள். எழுதுபவருக்கு எந்தத் துண்டில் எது அடித்தது என்று தெரியாமல் இருப்பது மேல். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எண்ணுவிக்கலாம். வெறும் தண்ணீர்த் துண்டிலும் 100க்கு 1, 2 தான் கறுத்திருந்தால் அந்த வருடம் நோய் வரவில்லை. மருந்து காப்பாற்றியது என்று அப்போது சொல்லக்கூடாது, அந்த வருடம் அடித்த காசு வீண் என்று மட்டுமே சொல்லலாம்.

கேள்வி (முழங்காவில்): கூலியை மிச்சம் பிடிக்க, பங்கசுநாசினி, பூச்சிநாசினி, திரவப் பசளை மூன்றையும் ஒரே தாங்கியில் கலந்து சோதிக்கலாமா?

பதில்: பரிசோதனைத் துண்டில் வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். மற்ற வயலிலும் லேபிள் அனுமதித்தால் மட்டுமே கலக்கலாம். அப்போதும் முதலில் 1 லீற்றர் போத்தலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணித்தியாலம் வையுங்கள். திரிந்தால், அடியில் படிந்தால், போத்தல் சுட்டால் தாங்கியில் ஊற்றாதீர்கள். செம்பு மருந்துகளை எதனோடும் கலக்காமல் தனியே அடிப்பது பாதுகாப்பு.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மணல் மண்ணில் கச்சான் (நிலக்கடலை) செய்கிறோம். செடி நன்றாக வளர்கிறது, பிடுங்கினால் பாதி பொக்கு (பருப்பில்லாத கோது). ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். யூரியாவைக் கூட்டினால் போதாதா?

பதில்: யூரியா செடியைத்தான் வளர்க்கும், உங்களிடம் செடி ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. பொக்குக்குக் காரணம் பெரும்பாலும் கல்சியக் குறைவு. வேர் எடுக்கும் கல்சியம் ஆவியாகும் நீரோடு இலைக்கு ஏறிவிடும், மண்ணுக்குள் கிடக்கும் கோதுக்குத் திரும்பி இறங்காது. கோது தன் தோலாலேயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதை உறிஞ்ச வேண்டும். மணலில் கல்சியம் தங்காது. அதனால் ஜிப்சத்தை ஊசி (பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் காம்பு) இறங்கும் இடத்தில், மேல் 5 சென்ரிமீற்றருக்குள் கொடுக்க வேண்டும்.

ஏக்கருக்கு 100 கிலோ, அதாவது சதுர மீற்றருக்கு 25 கிராம். பூக்கத் தொடங்கி ஊசி இறங்க முன், விதைத்து 4 முதல் 5 கிழமையில், செடியின் அடியைச் சுற்றித் தூவி, மண் அணையுங்கள். அதன்பின் மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த மணலில் ஜிப்சம் கரையாமல் கிடக்கும். வரிசை இரண்டுக்குப் போட்டு இரண்டை விட்டு, 6 முறை மாறி மாறி வையுங்கள். அதே நேரம் ஊசி இறங்கும் இடத்தில் எம்.ஓ.பி.யை அள்ளிப் போடாதீர்கள், பொட்டாசியம் கல்சியத்தோடு போட்டியிடும்.

அறுவடையில் செடியின் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒவ்வொரு பட்டியிலும் 2 மீற்றர் வரிசையைப் பிடுங்கி, கோதுகளைக் காயவைத்து நிறுங்கள். அதிலிருந்து 200 கிராம் எடுத்து உடைத்துப் பருப்பை நிறுங்கள். 140 கிராம் பருப்பு வந்தால் 70%. கோது நிறை ஒன்றாக இருந்து பருப்புச் சதவீதம் ஏறினாலும் அது இலாபம்தான்.

செடி வாடிச் சாகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தண்டடியில் வெள்ளை நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் அது வேறு கதை: செத்த செடியைப் பிடுங்கி வயலுக்கு வெளியே அழித்து, அடுத்த போகம் அந்த இடத்தில் கச்சான் போடாமல் விடுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): 4 இணைத் துண்டில் ஒரு பசளையைச் சோதித்தேன். சதுர மீற்றருக்கு வித்தியாசம் +140, −30, +110, −20 கிராம். சராசரி 50 கிராம் கூடுதல். ஏக்கருக்கு 200 கிலோ. எல்லா வயலுக்கும் போடலாமா?

பதில்: இந்தச் சராசரியை நம்ப வேண்டாம். இரண்டு இணையில் பசளை போட்ட துண்டே தோற்றிருக்கிறது.

கணக்கு இப்படி. ஒவ்வொரு வித்தியாசத்திலிருந்தும் சராசரியான 50 ஐக் கழித்து வர்க்கமாக்குங்கள்: 8,100, 6,400, 3,600, 4,900. கூட்டினால் 23,000. இணைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 3 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 88. அதை 4 இன் வர்க்கமூலமான 2 ஆல் வகுத்தால் 44. 4 இணைக்கு அதைப் புள்ளிவிபர அட்டவணையில் உள்ள 3.18 ஆல் பெருக்க வேண்டும்: 139. (5 இணையானால் 2.78, 6 ஆனால் 2.57, இணை கூடக் கூடச் சந்தேகம் குறையும்.) அப்படியானால் உண்மையான வித்தியாசம் 50 − 139 இலிருந்து 50 + 139 வரை எங்கும் இருக்கலாம். நட்டமும் அதற்குள் அடங்குகிறது.

இன்னொருவருக்கு +70, +30, +55, +45 வந்ததாக வைப்போம். அதற்கும் சராசரி 50 தான். ஆனால் அதே கணக்கில் வருவது 27. வித்தியாசம் 23 முதல் 77 கிராம் வரை, ஏக்கருக்கு 93 முதல் 312 கிலோ வரை. இவர் துணிந்து போடலாம். அப்போதும் செலவைக் கீழ் எல்லையோடு ஒப்பிடட்டும்: 93 கிலோ நெல்லின் விலை, பசளை விலை, போடும் கூலி, கூடுதல் நெல்லைச் சாக்குப் போட்டு ஏற்றும் செலவு எல்லாவற்றையும் தாங்குகிறதா?

உங்கள் தரவில் எங்களுக்குச் சுவையாகத் தெரிவது வேறொன்று. 140 உம் 110 உம் வந்த துண்டுகள் மேட்டிலா பள்ளத்திலா இருந்தன? இரண்டும் மேட்டு மணற்பாங்கில் இருந்தால், அந்தப் பசளை மேட்டுக்கு மட்டும் பயன்படலாம். அடுத்த போகம் மேட்டில் மட்டும் 6 இணை வைத்துப் பாருங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): 2021 இல் பட்ட பாட்டுக்குப் பிறகு யூரியாவை முழுதாக நம்பப் பயமாக இருக்கிறது. கூட்டெருவால் எவ்வளவு ஈடுசெய்யலாம்?

பதில்: அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதையொட்டி வந்த காலபோகம் யூரியாவை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நாடு முழுக்கக் காட்டிவிட்டது. படிப்படியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் வயலில்தான் பார்க்க வேண்டும்.

90 கிலோ யூரியாவில் 41 கிலோ நைதரசன். 30% ஈரமுள்ள, காய்ந்த நிறையில் 1.5% நைதரசன் உள்ள கூட்டெரு ஒரு தொன்னில் இருப்பது 10.5 கிலோ. முழு ஈட்டுக்கு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 4 தொன் வேண்டும், அதுவும் முதற்போகத்தில் ஒரு பகுதியை மட்டுமே விடும். வேலிச் சீமைக்கிளுவைப் பச்சை இலை ஒரு தொன்னில் சுமார் 8 கிலோ, ஆனால் விரைவில் உக்கும். சேற்றில் மிதித்து 2 கிழமை விட்டு விதைக்கலாம்.

துண்டுகள்: யூரியா முழு அளவு, முக்கால் அளவும் 2 தொன் கூட்டெருவும், அரை அளவும் 4 தொன்னும், அரை அளவு மட்டும். கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள்: கூட்டெரு எவ்வளவு சேர்த்தது என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் அறியலாம். அதே துண்டில் அதே விதம் 3 காலபோகமாவது தொடர வேண்டும். துண்டின் மூலையில் பூவரசம் கதியால் நட்டு அடையாளம் வையுங்கள், வெறும் தடி என்றால் உழவு மிசின்காரர் பிடுங்கிவிடுவார்.

கேள்வி (பாண்டியன்குளம்): 16 துண்டில் ஒன்றை யானை மிதித்துவிட்டது, இரண்டின் ஓரத்தை மயில் கொத்திவிட்டது. பரிசோதனையைக் கைவிடவா?

பதில்: வேண்டாம். யானை மிதித்த துண்டை "இல்லை" என்று எழுதுங்கள். பூச்சியம் என்று எழுதினால் அந்தப் பசளைக்குச் செய்யாத குற்றம் சேரும். அதோடு ஒப்பிட வேண்டிய பகுதியில் மற்ற 3 துண்டும் இருக்கட்டும். மயில் கொத்தியது ஓரத்தில் 1 மீற்றருக்குள் என்றால் அது எப்படியும் நீங்கள் அறுக்காத இடம். நடுவரை வந்திருந்தால், சேதமில்லாத இடத்தில் சட்டத்தை வைத்து, அதைக் கொப்பியில் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டுக்கு எது போட்டது என்று தெரிந்தவர் அந்த இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டாம்.